குற்றம் புரிந்தவர் பெண்ணாக இருக்கும்போது: சிறார் பாலியல் வன்கொடுமையும் நிபுணர்களின் மனப்பாங்கும்

சிறாரைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாக ஒரு பெண்மீது குற்றஞ்சாட்டப்பட்ட செய்தி வெளிவரும்போதெல்லாம் சில கேள்விகள் தவறாமல் எழுகின்றன. ஒரு பெண் அப்படிச் செய்வாரா? சட்டத்தில் அதற்கு இடமுண்டா? ஆணாக இருந்தால் பிரம்படி விழுந்திருக்குமே, இவருக்கு ஏன் இல்லை? பெயரை ஏன் வெளியிடவில்லை? பாதிக்கப்பட்டவன் பதின்ம வயதுப் பையன் என்றால், ‘அவனுக்கு என்ன கெட்டுவிட்டது’ என்ற பேச்சும் காப்பிக்கடையில் சிரிப்போடு சேர்ந்து வருவதுண்டு. பொதுமக்கள் இப்படிக் குழம்புவதில் வியப்பில்லை. ஆனால், குழந்தையைக் காக்கும் பொறுப்பில் இருக்கும் சமூக ஊழியர், காவல்துறை அதிகாரி, மருத்துவர், மனநல மருத்துவர் ஆகியோரிடமும் இதே குழப்பம் சற்றுப் பண்பட்ட வடிவில் இருக்கிறது என்பதை 1980-களின் பிற்பகுதியிலிருந்து பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த மனப்பாங்கு எத்தகையது, எதிலிருந்து பிறக்கிறது, சிங்கப்பூரில் எந்தக் கட்டங்களில் அது குறுக்கே நிற்கக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் சில சொற்கள்

சிறார் பாலியல் வன்கொடுமை என்பது வயது வந்த ஒருவர் தம் பாலியல் நோக்கத்துக்காகக் குழந்தையைத் தொடுவது, தொடச் செய்வது, பார்க்கச் செய்வது, படம் எடுப்பது ஆகிய அனைத்தையும் உள்ளடக்கும். அதற்கு அடியோ மிரட்டலோ தேவையில்லை. குழந்தை எதிர்க்காமல் இருந்தது சம்மதமாகாது. சிங்கப்பூரில் பாலியல் உறவுக்குச் சம்மதம் தெரிவிக்கும் வயது 16.

நிபுணர் என்று இங்கே குறிப்பிடப்படுவோர், ஒரு குழந்தை சொல்வதைக் கேட்டு அடுத்த முடிவை எடுக்கும் அதிகாரம் பெற்றவர்கள். மனப்பாங்கு என்பது அவர்கள் மனத்தில் இருக்கும் அன்போ வெறுப்போ அன்று. புகாரை நம்புவதா, எவ்வளவு தீவிரமாகக் கருதுவது, காவல்துறையிடம் கொண்டுசெல்வதா, குழந்தையை அந்த வீட்டிலிருந்து விலக்கி வைப்பதா என்ற முடிவுகளில் வெளிப்படுவதைத்தான் ஆய்வாளர்கள் அளக்கிறார்கள்.

இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள இடைவெளி

கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஃபிரான்கா கொர்டோனியும் அவருடைய சகாக்களும் 12 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017-இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். காவல்துறைப் பதிவுகளின்படி, பாலியல் குற்றம் புரிந்தவர்களில் பெண்கள் 2.2 விழுக்காட்டினர். பாதிக்கப்பட்டவர்களிடமே நேரடியாகக் கேட்ட கணக்கெடுப்புகளின்படி அது 11.6 விழுக்காடு. ஏறத்தாழ ஐந்து மடங்கு வேறுபாடு.

இந்த எண்களைச் சரியாகப் படிக்க வேண்டும். இரண்டு அளவீடுகளிலும் மிகப் பெரும்பாலான குற்றவாளிகள் ஆண்களே. ‘பெண்களும்தான் செய்கிறார்கள்’ என்று சொல்லி, ஆண்களுக்கு எதிரான புகார்களின் கனத்தைக் குறைக்க முயல்வோருக்கு இந்தத் தரவில் ஆதாரம் எதுவும் இல்லை. அது காட்டுவது வேறொன்றை: பெண்ணால் பாதிக்கப்பட்ட குழந்தை வாய் திறப்பதற்கும் அந்தச் சம்பவம் காவல்துறைக் கோப்பில் ஏறுவதற்கும் இடையில் எங்கோ பெரும் பகுதி உதிர்ந்துபோகிறது. உதிர்வதற்குக் காரணங்கள் பல. குழந்தை சொல்லாமல் இருப்பதும், குடும்பம் மூடி மறைப்பதும் அவற்றில் அடங்கும். நிபுணர்களின் மனப்பாங்கும் ஒரு காரணம். அதை மட்டும் ஆய்வுக்கூடத்தில் தனியே பிரித்துப் பார்க்க முடிந்திருக்கிறது.

எப்படி அளந்தார்கள்?

பெரும்பாலான ஆய்வுகள் ஒரே உத்தியைக் கையாண்டன. ஒரு சம்பவத்தைச் சில வரிகளில் எழுதி, அதை இரண்டு பிரதிகளாகத் தயாரிப்பார்கள். ஒன்றில் குற்றம் புரிந்தவர் ஆண், மற்றதில் பெண். மற்ற எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. சிங்கப்பூருக்கு ஏற்றவாறு நாமே ஒரு மாதிரியை அமைத்துப் பார்க்கலாம்:

‘ஒன்பது வயதுச் சிறுவன். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். பள்ளி முடிந்ததும் பக்கத்துப் புளோக்கில் இருக்கும் மாமா வீட்டில் மாலை ஏழு மணிவரை இருக்கிறான். தானே குளிக்கத் தெரிந்த பிறகும் மாமா தன்னைக் குளிப்பாட்டுவதாகவும், கதவைத் தாழிடுவதாகவும், அங்கே போகப் பிடிக்கவில்லை என்றும் ஆசிரியரிடம் சொல்கிறான்.’

இப்போது ‘மாமா’ இருக்கும் இடத்தில் ‘அத்தை’ என்று மாற்றிப் படியுங்கள். முதல் பிரதியில் தாழிட்ட கதவு உடனே உறுத்துகிறது. இரண்டாவதில், பையன் குளிக்க அடம்பிடிப்பவனோ, அத்தை கொஞ்சம் கண்டிப்பானவரோ என்று மனம் வேறு விளக்கங்களைத் தேடத் தொடங்குகிறது. அப்படித் தேடுவது தவறில்லை. முதல் பிரதிக்கு ஏன் தேடவில்லை என்பதுதான் ஆய்வாளர்களின் கேள்வி.

பிரிட்டனில் ஹெதர்ட்டன், பியர்ட்சல் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு சமூக ஊழியர்களையும் காவல்துறையினரையும் இவ்வாறு சோதித்தது. இரு தரப்பினருமே பெண்கள் செய்வதையும் குற்றமாகத்தான் கருதினார்கள். ஆனால், சமூகநலத் துறையின் தலையீடும் விசாரணையும் எவ்வளவு அவசியம் என்று மதிப்பிடும்போது, குற்றம் புரிந்தவர் ஆணாக இருந்த சம்பவங்களுக்கே கூடுதல் அழுத்தம் கொடுத்தனர். ஆஸ்திரேலியக் காவல்துறையினரிடையே கைட், டைசன் ஆகியோர் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் சென்றது: பெண் செய்தால் குற்றத்தின் தீவிரமும் குழந்தைக்கு நேரும் பாதிப்பும் குறைவு என அவர்கள் மதிப்பிட்டார்கள். மெல்லர், டீரிங் இருவரும் உளவியலாளர்கள், மனநல மருத்துவர்கள், குழந்தைப் பாதுகாப்பு ஊழியர்கள் ஆகியோரை ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்விலும், இது கடுமையான விஷயம் என்ற ஒப்புதலும் பெண்ணிடம் சற்று இளக்கம் காட்டும் போக்கும் சேர்ந்தே காணப்பட்டன.

என் பார்வையில் இந்தச் சேர்க்கைதான் கவனத்துக்குரியது. ‘பெண்கள் செய்ய மாட்டார்கள்’ என்று வெளிப்படையாகச் சொல்லும் நிபுணரைத் திருத்துவது எளிது. ‘கடுமையான குற்றம்தான், ஆனால் இந்த வழக்கில்...’ என்று தொடங்குபவர் தம்மிடம் சாய்வு இருப்பதை உணர்வதே இல்லை.

இந்த மனப்பாங்கு எதிலிருந்து பிறக்கிறது?

1. பராமரிப்பு என்ற போர்வை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, பக்கத்தில் படுக்க வைப்பது ஆகியவை பெண்களின் வேலையாகவே நம் வீடுகளில் கருதப்படுகின்றன. அதனால் ஒரு பெண்ணின் கை குழந்தையின் உடலில் படுவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. பராமரிப்பு எங்கே முடிந்து அத்துமீறல் எங்கே தொடங்குகிறது என்பது குழந்தைக்கே நெடுங்காலம் விளங்குவதில்லை.

பிரிட்டனின் பிளிமத் நகரில் ‘லிட்டில் டெட்ஸ்’ என்ற பாலர் பராமரிப்பு நிலையத்தில் நடந்தது இதற்குப் பொருத்தமான சான்று. அங்கே பணிபுரிந்த பெண் ஒருவர் குழந்தைகளைத் துன்புறுத்தி, கைப்பேசியில் படமெடுத்து, இணையம்வழி அறிமுகமான ஓர் ஆணுக்கு அனுப்பியது 2009-இல் அம்பலமானது. சக ஊழியர்களுக்கு அவருடைய ஆபாசப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனாலும் எதிர்த்துக் கேட்க அவர்களால் முடியவில்லை. 2010-இல் வெளியான மறுஆய்வு அறிக்கை, துன்புறுத்தலுக்கு மிக வசதியான சூழலாக அந்த நிலையம் அமைந்திருந்தது என்று கூறியது. படங்களில் இருந்த குழந்தைகள் யார் யார் என்பதை அந்தப் பெண் கடைசிவரை சொல்லவில்லை. தங்கள் பிள்ளை அதில் இருந்ததா இல்லையா என்பதே தெரியாமல் பல பெற்றோர் இருக்க நேர்ந்தது.

2. பெண் தானாகச் செய்ய மாட்டார், ஓர் ஆண்தான் தூண்டியிருப்பார் என்ற எண்ணம். இதில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்காவில் 1989-இல் வெளியான மேத்யூஸ், மேத்யூஸ், ஸ்பெல்ட்ஸ் ஆகியோரின் வகைப்பாட்டிலேயே ‘ஆணால் கட்டாயப்படுத்தப்பட்டவர்’ என்ற வகை இருக்கிறது. ஆனால் அதே வகைப்பாட்டில், பதின்ம வயதுப் பையனோடு ‘காதல்’ என்று தம்மையே நம்ப வைத்துக்கொள்ளும் பெண்களும், சிறு வயதில் தாம் பட்ட துன்பத்தின் தொடர்ச்சியாகத் தனியாகவே குற்றம் புரியும் பெண்களும் இருக்கிறார்கள். மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு விசாரிக்கும் அதிகாரி, இல்லாத ஆணைத் தேடுவதில் நேரத்தைச் செலவிடுவார்.

3. ஆண்பிள்ளைக்கு இதனால் பாதிப்பில்லை என்ற நம்பிக்கை. உடலின் எதிர்வினை விருப்பத்தின் அடையாளம் அன்று என்பது மருத்துவத்தில் தெளிவான செய்தி. ஆயினும், ஆசிரியை-மாணவர் வழக்குகளைப் பற்றிய செய்திகளில் ‘உறவு’ என்ற சொல் சர்வ சாதாரணமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதே இடத்தில் ஆசிரியரும் மாணவியும் இருந்தால் அந்தச் சொல் அவ்வளவு எளிதில் வருவதில்லை.

4. பயிற்சி. பாடநூல் உதாரணங்களும் ஆபத்து மதிப்பீட்டுக் கருவிகளும் ஆண் குற்றவாளியை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதப்பட்டவை.

கனடாவின் மிரியம் டெனோவ் காவல்துறையினரிடமும் மனநல மருத்துவர்களிடமும் நடத்திய ஆய்வு, இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் இயக்கத்தைக் காட்டியது. பெண்மை பற்றிய தங்கள் கருத்துக்கு முரணான ஒருவரைச் சந்திக்கும்போது, அவர்கள் கருத்தை மாற்றிக்கொள்வதில்லை. எதிரில் இருப்பவரை மாற்றிவிடுகிறார்கள். ஒன்று, அவர் தீங்கற்றவராக, பரிதாபத்துக்குரியவராக ஆகிவிடுகிறார்; அல்லது பெண்ணே அல்லாத அரக்கியாக ஆகிவிடுகிறார். ‘தாயா, பேயா’ என்று நம் ஊடகங்கள் தலைப்பிடுவதும் இதே வேர்தான். இரண்டு வடிவங்களிலும் ‘சாதாரணப் பெண்’ சந்தேகத்துக்கு அப்பால் பத்திரமாக இருக்கிறார்.

சிங்கப்பூர்ச் சட்டம் நடந்து வந்த பாதை

சட்டம் எழுதுபவர்களும் அதைப் பொருள்கொள்பவர்களும்கூட நிபுணர்களே. அந்த வகையில் இங்குள்ள வரலாறு நன்றாகவே பாடம் சொல்கிறது.

முன்பு 16 வயதுக்குட்பட்டவருடன் உடலுறவு கொள்வதற்கு எதிரான முக்கியப் பாதுகாப்பு, மாதர் சாசனத்தின்கீழ்ச் சிறுமிகளுக்கு மட்டுமே இருந்தது. தண்டனைச் சட்டத்தில் செய்யப்பட்ட பெரும் திருத்தம் 2008 பிப்ரவரி 1 அன்று நடப்புக்கு வந்தபோது சேர்க்கப்பட்ட 376ஏ பிரிவு, ‘எந்த ஒரு நபரும்’ என்று தொடங்கியது. ஒரு பெண் சிறுவனைத் தன்னுடன் உறவுகொள்ளச் செய்வதும் அதில் தெளிவாக அடங்கியது.

அப்படி இருந்தும் 2015-இல் ஒரு வினோதம் நிகழ்ந்தது. ஒரு சிறுமியிடம் அத்துமீறியதாகப் பெண் ஒருவர்மீது அந்தப் பிரிவின்கீழ் வழக்கு. சட்டவாசகம் குற்றவாளியின் ‘ஆணுறுப்பு அல்லாத உடற்பகுதி’ என்று பேசுவதால், ஆணுறுப்பு உள்ளவர் மட்டுமே அந்தக் குற்றத்தைப் புரிய முடியும் என்று உயர் நீதிமன்றம் பொருள்கொண்டு, அக்குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விளக்கத்தை நிராகரித்து, பெண்களும் அப்பிரிவுக்குள் வருவார்கள் என்று தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் குறித்து இதே கேள்வி எழுந்து, பெண்மீதும் அந்தக் குற்றத்தைச் சாட்டலாம் என டெல்லி உயர் நீதிமன்றம் 2024-இல் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

இன்று நிலை பின்வருமாறு:

1. பலாத்காரம் என்ற குற்றத்தை 375-ஆவது பிரிவின்கீழ் ஆணால் மட்டுமே புரிய முடியும். 2020 ஜனவரி 1 முதல் அதன் வரையறை விரிவடைந்து, ஆண்களும் சிறுவர்களும் பாதிக்கப்பட்டவர்களாகக் கருதப்படுகிறார்கள். ஆனால் குற்றவாளி பற்றிய பகுதி மாறவில்லை.

2. பாலியல் ஊடுருவல் குற்றங்களான 376, 376ஏ பிரிவுகள் பெண்களுக்கும் பொருந்தும். பாதிக்கப்பட்டவர் 14 வயதுக்குட்பட்டவர் என்றால் 376ஏ-இன்கீழ் 20 ஆண்டுவரை சிறை விதிக்கலாம்.

3. ஆசிரியர், பாதுகாவலர் போன்றோர் தம் நிலையைப் பயன்படுத்தி 16, 17 வயதினரிடம் நடந்துகொள்வதையும் 2020-இல் நடப்புக்கு வந்த திருத்தம் குற்றமாக்கியது. இதிலும் ஆண், பெண் பேதம் இல்லை.

4. பிரம்படி பெண்களுக்குக் கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 325-ஆவது பிரிவு பெண்களுக்கும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் விலக்கு அளிக்கிறது. அதற்குப் பதிலாக 12 மாதம்வரை கூடுதல் சிறை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எனவே பிரம்படி இல்லாததை நீதிபதியின் தயவு என்று எடுத்துக்கொள்வது தவறு.

5. பெயர் வெளியிடப்படாததற்குக் காரணம் பெரும்பாலும் குழந்தைதான். தாயின் பெயரைச் சொன்னால் பிள்ளையின் அடையாளம் வெளிப்பட்டுவிடும்.

இந்த ஐந்தாவது அம்சத்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. வீட்டுக்குள் நடந்த வழக்குகளில் முகமும் பெயரும் மறைந்திருக்க, ஆசிரியை போன்ற வெளியாரின் வழக்குகளே மக்கள் நினைவில் தங்குகின்றன. பெயரை வெளியிடக்கூடாது என்ற நீதிமன்றத் தடையுத்தரவு தேவையானதுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெண் குற்றவாளி என்றாலே ‘மாணவனோடு எல்லை மீறிய இளம் ஆசிரியை’ என்ற சித்திரம் பதிந்துபோனதில் அதற்கும் பங்குண்டு.

எந்தக் கட்டத்தில் உதிர்கிறது?

குழந்தைப் பாதுகாப்பில் முதல் நிபுணர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியரோ ஆலோசகரோதான். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ‘சித்தி’, ‘பாட்டி’, ‘அக்கா’ என்று ஒரு பெண்ணைக் குறிப்பிடும்போது, கேட்பவர் தமிழராக இருந்தால் அந்த உறவுமுறைகளுக்கு அவர் மனத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. சந்தேகம் அங்கே நுழையக் கூச்சப்படும். கேட்பவர் தமிழரல்லாதவர் என்றால், பிள்ளை ‘அக்கா’ என்பது உடன்பிறந்தவரையா, இல்லப் பணிப்பெண்ணையா, துணைப்பாடம் சொல்லித்தருபவரையா என்பதே தெரியாமல் போகலாம். இரண்டுமே தீர்க்கக்கூடிய சிக்கல்கள்தான்: ‘அவர் யார், எங்கே, எப்போது, அந்த நேரத்தில் வேறு யார் இருந்தார்கள்’ என்று, பாலினம் எதுவானாலும் அதே வரிசையில் கேட்டாலே பாதி தெளிந்துவிடும்.

சிங்கப்பூரில் பள்ளிகள், மருத்துவமனைகள், குடும்ப சேவை நிலையங்கள் ஆகியவற்றுக்கெனத் தரப்படுத்தப்பட்ட துன்புறுத்தல் மதிப்பீட்டு வழிகாட்டிகள் புழக்கத்தில் இருப்பது இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. அவை குழந்தையிடம் காணும் அறிகுறிகளிலிருந்து தொடங்குகின்றன. உள்ளுணர்வை நம்பி முடிவெடுக்கும்போது நுழையும் சாய்வு, படிப்படியான கேள்விகளின்போது அவ்வளவாக நுழைவதில்லை. வழிகாட்டியைத் திறக்கவே தோன்றாதபோதுதான் சிக்கல். ‘அம்மாதானே குளிப்பாட்டினார்’ என்று மனம் முடிவெடுத்துவிட்டால் எந்தப் படிவமும் உதவாது.

பெற்றோரும் இதில் பங்காளிகள். வீட்டுக்கு வரும் துணைப்பாட ஆசிரியர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்பதோடு பல வீடுகளில் பாதுகாப்பு ஏற்பாடு முடிந்துவிடுகிறது. ஆண்களை விலக்கினால் ஆபத்து குறையும் என்பது புள்ளிவிவரப்படி ஓரளவு சரி. கதவைத் திறந்து வைக்கும் பழக்கத்துக்கு அது ஈடாகாது. 2024 ஜூலை 1 முதல் பாலர் பள்ளிகளில் கண்காணிப்புக் கேமராக்கள் கட்டாயமாக்கப்பட்டிருப்பதில் உள்ள நியாயம், கேமரா யார் ஆண், யார் பெண் என்று பார்ப்பதில்லை என்பதுதான்.

வன்முறை, பாலியல் தொல்லைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000, 2021-ஆம் ஆண்டிலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது. குற்றம் புரிபவர் பெண் என்பதற்காக அழைக்கத் தயங்க வேண்டியதில்லை.

குழந்தைக்கு என்ன ஆகிறது?

டெனோவ், பெண்களால் துன்புறுத்தப்பட்ட 14 பேரை, ஏழு ஆண்களையும் ஏழு பெண்களையும், விரிவாக நேர்கண்டு 2004-இல் ஆய்வை வெளியிட்டார். மனச்சோர்வு, ஆத்திரம், தற்கொலை எண்ணம், போதைப் பழக்கம், பெண்கள்மீது அவநம்பிக்கை எனப் பாதிப்புகள் நீண்டன. பின்னாளில் உதவி நாடியபோது நிபுணர் நம்பி, தீவிரமாக எடுத்துக்கொண்ட இடங்களில் துன்பம் தணிந்தது. அதிர்ச்சியோ அலட்சியமோ காட்டிய இடங்களில், நடந்தது உண்மையா என்று தம்மையே சந்தேகிக்கும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டார்கள். 14 பேரை வைத்து உலகத்துக்கே பொதுவிதி வகுக்க முடியாதுதான். ஆனால் நிபுணரின் முதல் பதிலே சிகிச்சையாகவோ இரண்டாவது காயமாகவோ ஆகக்கூடும் என்பதற்கு அது போதுமான சான்று.

இளக்கம் எங்கே நியாயம்?

இதுவரை சொன்னதை வைத்து, பெண்களையும் ஆண்களைப் போலவே எல்லா விதத்திலும் நடத்த வேண்டும் என்று முடிவுகட்டினால் அதுவும் பிழை. குற்றத்தை அடையாளம் காண்பது வேறு. அடையாளம் கண்ட பிறகு அந்த நபரின் ஆபத்தை மதிப்பிடுவது வேறு. முதலாவதில் பாலினத்துக்கு இடமில்லை. இரண்டாவதில் உண்டு.

கொர்டோனி, ஹான்சன், கோஷ் ஆகியோர் 2010-இல் 10 ஆய்வுகளிலிருந்து 2,490 பெண்களின் தரவைத் தொகுத்தனர். சராசரியாக ஆறரை ஆண்டு காலத்தில் மீண்டும் பாலியல் குற்றம் புரிந்தவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆண்களிடையே காணும் விகிதத்தைவிட இது மிகவும் தாழ்ந்தது. தண்டனைக் காலத்தையும் விடுதலைக்குப் பிந்திய கண்காணிப்பையும் முடிவு செய்வோர் இதைக் கணக்கில் கொள்வது இளக்கமாகாது. அதே வேளையில், இந்த எண் பிடிபட்ட பெண்களைப் பற்றியது மட்டுமே என்பதையும் மறக்கக்கூடாது.

கருவிகளிலும் கவனம் தேவை. உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ‘ஸ்டேட்டிக்-99ஆர்’ என்ற ஆபத்து மதிப்பீட்டு முறை வயது வந்த ஆண்களுக்காக உருவாக்கப்பட்டது. பெண்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் விதிமுறைகளே சொல்கின்றன. எனவே ஒரு பெண்ணின் ஆபத்தை மதிப்பிடும் உளவியலாளர் மதிப்பெண் அட்டவணையை நம்பாமல் அவருடைய வாழ்க்கையை விசாரிக்க வேண்டியிருக்கிறது: குற்றத்தில் ஓர் ஆண் கூட்டாளியாக இருந்தாரா, அவரோடு உறவு தொடர்கிறதா, அந்தப் பெண் தாமே சிறு வயதில் துன்புறுத்தப்பட்டவரா, போதைப் பழக்கம் உண்டா, பண விஷயத்தில் யாரைச் சார்ந்திருக்கிறார், நடந்ததைப் பற்றி இப்போது என்ன சொல்கிறார். குற்றம் புரிந்தவர் தாய் என்றால், அவர் விடுதலையான பின் பிள்ளையைப் பார்க்க அனுமதிப்பதா, அனுமதித்தால் யாருடைய மேற்பார்வையில் என்பதைக் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளும் நீதிமன்றமும் இந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அந்த முடிவுக்கு முன்பாகப் பிள்ளையிடமும், தாய் இல்லாத தனி அறையில், அவனுக்கு வசதியான மொழியில் கேட்க வேண்டும்.